அனுபவமில்லாத சர்வாதிகாரி மக்கள் ஆதரவை இழப்பது ஏன்?

ரஷ்யாவின் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸைப் பார்த்தாலே புரிந்துவிடும். 1894-இல் அப்பா திடீரென்று இறந்ததும் 26 வயதில் அரியணை ஏறினார். ஆட்சி நடத்தப் பழக்கியிருக்கவே இல்லை.

1896-இல் முடிசூட்டு விழா. மாஸ்கோவின் கோடின்கா மைதானத்தில் ஒரு எனாமல் குவளையும் கொஞ்சம் தின்பண்டமும் இலவசம் என்று அறிவித்தார்கள். ராணுவப் பயிற்சிக்காக வெட்டிய பள்ளங்களை மூடக்கூட இல்லை. நெரிசலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அன்றிரவே பிரெஞ்சுத் தூதர் தந்த நடன விருந்துக்கு ஜார் போனார். போகாமல் இருக்கத்தான் நினைத்தார். பெரியவர்கள் வற்புறுத்த, மறுக்கத் தெரியவில்லை. ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது என்ன? நம் வீட்டில் எழவு, ராஜா வீட்டில் ஆட்டம்.

அப்புறம் 1905. ஜாரின் படத்தையே ஏந்திக்கொண்டு மனு கொடுக்க வந்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. அவர் அன்று அரண்மனையில்கூட இல்லை. என்னைப் பொறுத்தவரை உண்மையான முறிவு இதுதான். அதுவரை தப்பெல்லாம் அதிகாரிகளுடையது, ஜாருக்குத் தெரிந்தால் சரி செய்துவிடுவார் என்று நம்பியவர்கள் அவர்கள்.

எல்லா அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் பழி முழுக்க அந்தக் கைக்குத்தான். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-இல் படைத்தலைமையையும் தானே ஏற்றார். அதன்பின் ஒவ்வொரு தோல்வியும் அவர் கணக்கில் ஏறியது. 1917-இல் ரொட்டி கேட்டு மக்கள் தெருவுக்கு வந்தபோது, தலைநகரின் படைவீரர்களே அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.