கேள்வி-பதில்: முந்தாநாள் வட்டிக்கு இன்றைய காசு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: அரசாங்கம் ஏதோ செய்தது, என் காசுக்கு என்ன ஆகும்? நீண்ட கடிதங்களை வெட்டித்தான் போட்டிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

2022 கடைசியில் பத்து இலட்சம் ரூபாவை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டேன். வட்டி இருபதுக்கு மேல். இப்போது அதே வங்கி அதில் பாதிகூடத் தருவதில்லை. அதிலும் வரி வெட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

வட்டி விஷயத்தில் இல்லை, அம்மா. 2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டியை (மற்ற வங்கிகளின் வட்டிக்கு அது வைக்கும் அடிப்படை வீதம்) ஒரே தடவையில் 7 வீதப்புள்ளி ஏற்றியது. உங்களுக்குக் கிடைத்த இருபது அங்கிருந்து வந்ததுதான். அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றது. இருபது வீத வட்டி கைக்கு வரும் முன்பே உங்கள் சேமிப்பின் பெறுமதி அந்த விலையேற்றத்தில் அதைவிடக் கூடுதலாகக் கரைந்துவிட்டிருந்தது. அந்த நாட்களை நினைத்து ஏங்குவதில் பொருளில்லை. 2023 ஜூனிலிருந்து கொள்கை வட்டி படிப்படியாக இறங்கி, 2025 மே மாதம் 7.75 வீதத்துக்கு வந்தது. வைப்பு வட்டி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகும். மேலாளரிடம் சண்டை பிடித்துப் பயனில்லை.

வரி வேறு கதை. வட்டிக்கான நிறுத்திவைத்தல் வரியை (வட்டி தரும்போதே வங்கி வெட்டி அரசாங்கத்துக்குக் கட்டுவது) 2020 தொடக்கத்தில் நீக்கினார்கள், 2023 ஜனவரியில் 5 வீதமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், 2025 ஏப்ரல் 1 முதல் 10 வீதம். பத்து இலட்சத்துக்கு 8 வீதம் என்றால் வட்டி 80,000, அதில் 8,000 போய்விடும். ஆனால் உங்கள் வருட வருமானம் எல்லாம் சேர்த்து 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த வெட்டு உங்களுக்கு இல்லை. அதற்கு ஒரு சுயபிரகடனப் படிவம் இருக்கிறது. காசு வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாக, ஒவ்வொரு வரியாண்டும் (ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை) புதிதாகக் கொடுக்க வேண்டும். வரி இலக்கம் இல்லாவிட்டால் முதலில் அதை எடுங்கள். ஏற்கெனவே வெட்டியதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வருமான விவரத் திரட்டு கொடுத்துத் திரும்பக் கேட்கலாம். நேரம் எடுக்கும், ஆனாலும் உங்கள் காசு.

இனி எனக்கு நெடுநாளாக உள்ள ஆத்திரம். முதிர்வு நாளில் நீங்கள் கிளைக்குப் போகாவிட்டால் வைப்பு தானாகவே புதுப்பிக்கப்படும், அன்றைய வட்டிக்கு, அதே தவணைக்கு. 2023இல் எத்தனை பேருடைய இருபது வீத வைப்புகள் சத்தமில்லாமல் கீழே உருண்டன தெரியுமா? வங்கி சட்டத்தை மீறவில்லை. நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தில் "முதிர்வில் செய்ய வேண்டியது" என்று ஒரு கட்டம் இருந்திருக்கும், அதை உத்தியோகத்தர் நிரப்பியிருப்பார், நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். அந்தக் கட்டத்தில் முதலும் வட்டியும் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும் என்று எழுதுங்கள். சேமிப்புக் கணக்கில் நாலு நாள் கிடந்தால் நட்டம் சில ரூபாதான். தெரியாமல் ஒரு வருடத்துக்குப் பூட்டுப்பட்டால் அப்படியில்லை. இடையில் உடைத்தால் ஓடிய மாதங்களுக்கு உரிய குறைந்த வட்டிதான் தருவார்கள், அதிலும் கழிவு இருக்கும். அவசரம் என்றால் வைப்பின் பேரில் கடன் எடுப்பது பெரும்பாலும் மலிவு. இரண்டையும் தாளில் எழுதிக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று: வட்டி இறங்கும் காலத்தில் நீண்ட தவணை, ஏறும் காலத்தில் குறுகிய தவணை. எது என்று தெரியாவிட்டால் காசை மூன்றாகப் பிரித்து 3, 6, 12 மாதங்களுக்குப் போடுங்கள். 60 தாண்டியவர் என்றால் முதியோருக்கான விசேட வட்டி உண்டா என்று நீங்களே கேட்க வேண்டும். அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

தேர்தல் வந்தால் பங்குச்சந்தை விழும் என்கிறார்கள். முன்கூட்டியே விற்றுவிட்டு பிறகு வாங்கலாமா?
தனியார் நிறுவன ஊழியர், தெஹிவளை

2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் பயந்து விற்றவர்கள் பலர். ஆனால் சந்தை ஏறியது: அதன் ஒட்டுமொத்த அளவுகோலான அனைத்துப் பங்கு விலைச்சுட்டெண் அந்த வருட முடிவில் 15,900ஐத் தாண்டியிருந்தது. அதைவிட, விற்க 1.12 வீதம், திரும்ப வாங்க 1.12 வீதம் தரகும் கட்டணங்களும். ஊகம் சரியாக வந்தாலும் முதல் 2.24 வீதம் உங்களுடையதில்லை.

வங்கியில் "திறைசேரி உண்டியல்" என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். கையில் இருப்பது ஒரு கணினித் தாள் மட்டும். 2023இல் நடந்ததுபோல அரசாங்கம் கடனை மறுசீரமைத்தால் என் காசு போய்விடுமா?
வியாபாரி, கொட்டாஞ்சேனை

முதலில் அந்தத் தாளை எடுத்து வாசியுங்கள். உண்டியலை, அதாவது அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பித் தரும் கடன் பத்திரத்தை, உங்கள் பெயரில் வாங்கினார்களா, இல்லை மீள்கொள்வனவு உடன்படிக்கையா? கவுண்டரில் இதை "ரீபோ" என்பார்கள். இரண்டையும் உண்டியல் என்றே சொல்லி விற்பது வழக்கமாகிவிட்டது. உங்கள் பெயரில் வாங்கியிருந்தால் அது மத்திய வங்கியின் லங்கா செக்கியுர் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஏறியிருக்கும், தாளில் "எல்.கே.ஏ" என்று தொடங்கும் ஒரு இலக்கம் இருக்கும், மத்திய வங்கியே கூற்று அனுப்பும். ரீபோ என்றால் நீங்கள் உண்டியல் வாங்கவில்லை. விற்பனையாளருக்குக் கடன் கொடுத்து உண்டியலை ஈடாகப் பிடித்திருக்கிறீர்கள். அந்த ஈடு எது, எவ்வளவு, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இழுபட்டால் முதிர்வு வந்ததும் வெளியே வாருங்கள்.

விலையையும் பாருங்கள். 91, 182, 364 நாள் உண்டியல்கள் வழமையாகப் புதன்கிழமை ஏலத்துக்கு வருகின்றன. சராசரி வீதம் அன்றைக்கே மத்திய வங்கியின் தளத்தில் இருக்கும். அதற்கும் உங்களுக்குச் சொன்ன வீதத்துக்கும் உள்ள இடைவெளிதான் இடையில் நிற்பவரின் இலாபம். கொஞ்சம் இருக்கலாம், ஒன்றரை வீதம் என்றால் வேறு விற்பனையாளரைப் பாருங்கள். முதிர்வுக்கு முன் விற்காதீர்கள். 364 நாளில் 100 ரூபா தரும் உண்டியல் 8 வீதத்தில் சுமார் 92.60. மறுநாளே வீதம் 12க்கு ஏறினால் அதே தாள் சுமார் 89.30. 100 ரூபா கடைசியில் வரும்தான், ஆனால் பொறுத்திருப்பவருக்கு மட்டும்.

மறுசீரமைப்பு: 2023இல் பொதுமக்களின் உண்டியல்களைத் தொடவில்லை, மத்திய வங்கி வைத்திருந்தவற்றையே மாற்றினார்கள். வங்கி வைப்புகளையும் தொடவில்லை. மாட்டியது ஓய்வூதிய நிதிகள். அடுத்த கேள்விக்குப் போவோம்.

அப்படியென்றால் என் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) குறைந்துவிட்டதா?
தொழிற்சாலைப் பணியாளர், வத்தளை

உங்கள் மீதியில் ஒரு ரூபாயும் கழிக்கவில்லை. நிதியத்திடம் இருந்த அரச பிணைமுறிகளை, அதாவது அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை, குறைந்த வட்டியுள்ள நீண்ட கால முறிகளாக மாற்றினார்கள். மாற்ற மறுத்திருந்தால் நிதியத்தின் வருமானத்துக்கான 14 வீத வரி 30 ஆகியிருக்கும், ஆகவே தெரிவு என்று சொல்வது மரியாதைக்குத்தான். 2026 வரை குறைந்தது 9 வீதம் என்று அரசாங்கம் வாக்குக் கொடுத்தது. நட்டம் என்பது இனி வரக்கூடியிருந்த வட்டி. அந்தச் சுமையைத் தாங்கியது அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த பெரிய கைகள் அல்ல, உழைத்துச் சேர்த்தவர்களின் கை என்பதை நான் மறக்கப் போவதில்லை.

உங்களால் செய்யக்கூடியது ஒன்று: உங்களிடமிருந்து 8, முதலாளியிடமிருந்து 12, ஈ.டி.எஃப்.க்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளியின் 3 வீதம் மாதாமாதம் உண்மையில் போகிறதா என்று கணக்குக் கூற்றில் பாருங்கள். போகாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். கொள்கையால் போவதைவிட முதலாளி கட்டாமல் விட்டுப் போவது பலருக்குக் கூட.

2021இல் வாங்கிய பாவித்த கார். விலை ஏறும், முதலீடு என்று நினைத்தேன். இப்போது வாங்கிய விலைகூடக் கேட்கிறார்கள் இல்லை.
பம்பலப்பிட்டி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். இடைப்பட்ட விலை காரின் விலை அல்ல, பூட்டிய கதவின் விலை. அதே காலத்தில் பத்து வருடப் பழசுக்குப் புதுசின் விலை கொடுத்தவன் நான், ஆகவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும் தகுதி எனக்கில்லை. தேவை இல்லாவிட்டால் விற்றுவிடுங்கள். காப்புறுதியும் திருத்தச் செலவும் ஒவ்வொரு வருடமும் ஓடுகின்றன.

நண்பர் மூலம் ஒரு செயலியில் மூன்று இலட்சம் போட்டேன். முதல் இரண்டு மாதம் காசு வந்தது. ஆள் சேர்த்தால் கூடக் கிடைக்கும் என்றார்கள். இப்போது செயலி திறப்பதில்லை. அம்மாவின் நகை அடகு வைத்த காசு.
முகத்துவாரம்

தம்பி, வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள். வட்டி இறங்கி, விலைவாசி ஏறி, சம்பளம் நின்ற இடத்தில் நிற்கும்போது இவர்கள் வருவார்கள். உங்களைப் போன்றவர்களைத் தேடித்தான் வருவார்கள். இன்றே செய்ய வேண்டியவை: உரையாடல்கள், செயலியின் படங்கள், வங்கிப் பரிமாற்றச் சீட்டுகள் எல்லாவற்றையும் வேறொரு இடத்தில் பிரதி எடுங்கள். காசு போன கணக்கு இலக்கத்தை உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பதிவு இலக்கம் வாங்குங்கள். மத்திய வங்கிக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவியுங்கள். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இப்படி ஆள் சேர்த்துக் காசு பார்க்கும் பிரமிட் திட்டம் குற்றம்.

நீங்கள் யாரையாவது சேர்த்திருந்தால் முதலில் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள், ஊக்குவித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருவார். வைப்புக் காப்புறுதி இதற்கு உதவாது: அது உரிமம் பெற்ற வங்கி, நிதிக் கம்பனிகளுக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரை. "போனதை மீட்டுத் தருகிறோம்" என்று இன்னொருவர் வருவார். அவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். நகையின் அடகு வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருங்கள், ஏலத்துக்குப் போகக் கூடாது.

செட்டியார் தெருவில் ஐந்து பவுண் மாலை வாங்கினேன், முதலீடாக. ஆறு மாதத்தில் தங்க விலை ஏறியது, ஆனாலும் விற்கப் போனால் வாங்கிய காசு வரவில்லை!
கொழும்பு 13

முதலீடு என்றால் ஏன் மாலை? செய்கூலியும் சேதாரமும் நீங்கள் வாசலைத் தாண்டும்போதே போய்விட்டன. கல் வைத்த பதக்கம் ஒன்றில் நானும் கல்லுக்குப் பொன் விலை கொடுத்திருக்கிறேன், ஆனால் அதை முதலீடு என்று சொல்லவில்லை. கணக்கு இதுதான்: ஒரு அவுன்ஸ் 31.1 கிராம். உலக விலை 3,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்தால் 22 கரட் ஒரு பவுண் (8 கிராம்) சுமார் 2,12,000. உலக விலை அசையாமல் டொலர் 330 ஆனாலே அது பத்து வீதம் ஏறும். எனவே நீங்கள் வாங்குவது பாதி தங்கம், பாதி டொலர். அதற்காகத்தான் என்றால் நாணயமோ பிஸ்கட்டோ வாங்குங்கள், எடையும் கரட்டும் எழுதிய பற்றுச்சீட்டோடு. பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குத் தொலைபேசியில் முறையிடுங்கள்.

மகன் கனடாவிலிருந்து அனுப்பும் டொலரை மாற்றாமல் வீட்டில் வைக்கலாமா? ரூபா திரும்ப விழும் என்கிறார்கள்.
வெள்ளவத்தை

வீட்டில் வேண்டாம், வங்கியில் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வையுங்கள். கையில் வைக்க அனுமதி 10,000 அமெரிக்க டொலர் பெறுமதி வரைதான். 2022 மார்ச்சில் 203 ஆக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது உண்மை. அந்த உச்சத்தில் வாங்கி வைத்தவர்கள் 2024 கடைசியில் 295க்கும் கீழே விற்றதும் உண்மை. மாதச் செலவுக்கு வேண்டியதை மாற்றுங்கள், மிச்சத்தை விடுங்கள்.

எந்த நிதிக் கம்பனி கூட வட்டி தருகிறது என்று பட்டியல் போடுவீர்களா?
பெயரில்லை

மாட்டேன்.