ஒரே தேர்வு, ஒரே பதவி, சம்பளம் மட்டும் ஏன் வேறு?

கடிதம்

வணக்கம். என் மகளும் அவள் தோழியும் மத்தியப் பணியாளர் தேர்வு ஆணையம் நடத்தும் ஒரே எஸ்.எஸ்.சி. தேர்வெழுதி மத்திய அரசு வேலைக்குப் போனார்கள். இருவருக்கும் சம்பளப் பட்டியலில் லெவல் 4. தோழி 2022 ஜூன் 30 அன்று சென்னையில் சேர்ந்தாள். மகள் ஜூலை 4 அன்று திருநெல்வேலியில். 2024 ஏப்ரல் மாதச் சம்பளத்தில் பிடித்தங்களுக்கு முன்பே தோழிக்கு 9,400 ரூபாய் கூடுதல். ஆபீஸில் கணக்கைத் தப்பாகப் போட்டிருப்பார்களோ?

ஆர்., பாளையங்கோட்டை

பதில்

அன்புள்ள ஆர்.,

கணக்கு சரிதான். நாலு நாள் தாமதத்தின் பங்கு அதில் 1,200 ரூபாய். மீதி 8,200 ரூபாய் கிட்டத்தட்ட முழுக்க ஊரால் வந்தது.

முதலில் தேதி. ஜனவரி 2 முதல் ஜூலை 1 வரை சேர்ந்தவர்களுக்கு இன்கிரிமென்ட் அடுத்த ஜனவரி 1 அன்று. ஜூலை 2 முதல் ஜனவரி 1 வரை சேர்ந்தவர்களுக்கு அடுத்த ஜூலை 1. லெவல் 4 தொடக்கச் சம்பளம் 25,500. அடுத்த படிகள் 26,300, 27,100. தோழி 2023 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும் ஏறிவிட்டாள். உங்கள் மகள் ஏறியது 2023 ஜூலையில் ஒரு முறைதான். ஆக ஏப்ரலில் அடிப்படைச் சம்பளம் தோழிக்கு 27,100, மகளுக்கு 26,300. ஒவ்வொரு ஜூலையிலும் இருவரும் சமமாவார்கள், ஜனவரியில் மறுபடி தோழி முந்துவாள். ஜூலை 1 அன்று சேர்ந்திருந்தால்கூட இந்தப் பின்தங்கல் இல்லை. பணி நியமன ஆணை கையில் வந்தபின் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் பார்க்கலாம்.

அகவிலைப்படி நாடு முழுக்க ஒன்றே, அப்போது 50 சதவீதம். அடிப்படையில் குறையும் 800 ரூபாய்க்கு அதில் 400 குறைகிறது. 1,200 என்றது இதைத்தான்.

பெரிய ஓட்டை வீட்டு வாடகைப்படி. 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் என்றால் ஒய், மற்றதெல்லாம் இசட். அகவிலைப்படி 50-ஐத் தொட்டதும் இவற்றுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் ஆனது. அதற்கு முன் 27, 18, 9. சென்னையில் தோழிக்கு 8,130. உங்கள் மகளுக்கு 2,630. 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி நகரமும் ஒட்டிய பகுதிகளும் சேர்ந்தே 5 லட்சத்துக்குச் சற்றே குறைந்துபோனதால் இசட். அந்தக் கொஞ்ச ஆட்களுக்காக இன்றைய ஊழியர் பாதி வாடகைப்படியை இழப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாளையங்கோட்டையில் வீடு தேடியவர்களுக்கு வாடகை எப்படி ஏறியிருக்கிறது என்று தெரியும்.

போக்குவரத்துப்படி லெவல் 3 முதல் 8 வரை பெரிய நகரங்களில் 3,600, மற்ற ஊர்களில் 1,800. அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. எனவே 5,400-க்கு எதிரே 2,700. ஒரு காலண்டர் மாதம் முழுக்க விடுப்பில் இருந்தால் அந்த மாதம் இது கிடையாது; பே ஸ்லிப்பில் திடீரென்று குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

மொத்தம் தோழிக்கு 54,180, மகளுக்கு 44,780. கையில் வரும் தொகையில் வித்தியாசம் இன்னும் சற்றுக் குறையும், ஓய்வூதியத்துக்கான 10 சதவீதப் பிடித்தம் அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்கு என்பதால். தோழி அரசு குடியிருப்புக்குப் போய்விட்டால் வாடகைப்படியே நின்றுவிடும்.

இடமாறுதல் கேட்பதாக இருந்தால் கோவையைக் கணக்கில் எடுங்கள். வாடகைப்படிக்கு அது ஒய்தான், போக்குவரத்துப்படிக்கோ சென்னையோடு ஒரே பட்டியல். 2024 ஏப்ரல் கணக்குப்படி மாதம் 5,330 ரூபாய் கூடும். அங்கே வாடகை என்ன என்று விசாரித்துவிட்டு விண்ணப்பம் போடட்டும்.