சம்பந்தி வீட்டுப் படகு ஏன் வெறுமையாகத் திரும்பியது?

வாசகர் கேள்வி – பதில்

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் நகரில் வேலை பார்க்கிறார். மருமகள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான கோயுகான் அதபாஸ்கன் இனத்துப் பெண். அவருக்குப் பிறந்த வீடு யூகான் ஆற்றங்கரையில், கலீனா என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. சென்ற செப்டம்பரில் சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகளின் தம்பி, மகன், மருமகள் ஆகிய ஐவரும் ஒரே படகில், யூகானில் வந்து சேரும் கோயுகுக் ஆற்றில் ஏறிப்போய், ஒன்பது நாள் கூடாரமடித்துத் தங்கி, மூஸ் என்ற பெரிய மானின் வேட்டைக்குக் காத்திருந்துவிட்டு ஒரு கிலோ கறிகூட இல்லாமல் திரும்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: குதிரையைவிடப் பெரிய மிருகம் என்கிறான் என் மகன். அது ஐந்து பேர் கண்ணில் ஒன்பது நாளும் படாமல் போகுமா? அல்லது அந்த ஊரில் மூஸே குறைந்துபோய்விட்டதா?

பதில்: பெரிய மிருகம் என்பது உண்மைதான். மான் இனத்திலேயே மிகப் பெரியது மூஸ். அலாஸ்காவில் வளர்ந்த ஆண் 540 முதல் 725 கிலோ வரை எடை இருக்கும். குறைந்துபோய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை. கோயுகுக் ஆற்றின் கீழ்ப்பகுதி மூஸ் அடர்ந்த இடங்களில் ஒன்றாகப் பேர்பெற்றது. அங்குள்ள வனவிலங்குப் புகலிடத்தை அமெரிக்க அரசு 1980-இல் அமைத்தது. ஆனால் படகில் போகிறவருக்குக் காடு முழுவதும் தெரிவதில்லை. கரையோர வில்லோ புதர்களின் முன்வரிசையும், மணல்திட்டுகளும், ஆற்றிலிருந்து பிரிந்து உள்ளே போகும் கிளைக்கால்களின் வாயும்தான் தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த வில்லோவுக்குள் நான்கடி தள்ளி ஒரு மூஸ் படுத்திருந்தால் ஐந்து பேர் அல்ல, ஐம்பது பேர் படகில் போனாலும் பார்க்க முடியாது.

அப்படியானால் ஏன் படகு என்று கேட்பீர்கள். கலீனாவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, ஆறுதான் சாலை. விமானத்தில் போய் இறங்கலாமென்றால், கோயுகுக் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மூஸ் வேட்டைக்கு விமானத்தைப் பயன்படுத்துவதற்கே தடை இருக்கிறது. எனவே உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் பெட்ரோல் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு அதே ஆற்றில்தான் ஏற வேண்டும். தங்கள் மகன் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, இந்த முறை தண்ணீர் வற்றிப்போய், சம்பந்தி வழக்கமாக நுழையும் கிளைக்காலின் வாயில் படகு தரைதட்டி நின்றதும், இறங்கித் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பியதும்தான். மூஸ் நிற்கும் இடம் தெரிந்திருந்தும் அங்கே போய்ச் சேர வழி இல்லை. தண்ணீர் மிகுந்த ஆண்டில் இதற்கு நேர்மாறான தொல்லை வரும். தாழ்நிலமெல்லாம் நிறைந்துவிடுவதால் விலங்குகள் ஆற்றை விட்டு உள்ளே ஒதுங்கிவிடும்.

இரண்டாவது காரணமும் தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பகலில் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்களாம், கொசு கடித்ததாம், மரங்களில் இலை உதிரவில்லையாம். மூஸ் குளிருக்கென்று படைக்கப்பட்ட விலங்கு. கோடையிலேயே வெப்பம் 14 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். குளிர்கால ரோமம் ஏறத் தொடங்கிய செப்டம்பரில் வெயிலடித்தால் பகல் முழுவதும் நிழலில் படுத்துக்கொள்ளும், விடியலிலும் அந்தியிலும்தான் அசையும். ஆண் மூஸ் துணைதேடி நடமாடும் காலம் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. அப்போதுதான் சம்பந்தி செய்ததாக மகன் விவரிக்கும் அந்த வித்தை பலிக்கும்: காய்ந்த மூஸ் தோள்பட்டை எலும்பை வில்லோ மரத்தில் வறட் வறட்டென்று தேய்த்து, வேறொரு ஆண் கொம்பு உரசுகிறது என்று காட்டிவிட்டு, சத்தமில்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது. அந்தச் சத்தத்துக்குச் சண்டைக்காரன் வந்து நிற்பான். ஆனால் பல பகுதிகளில் வேட்டை அனுமதி செப்டம்பர் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறது. தங்கள் சம்பந்தி வீட்டார் மாதத்தின் நடுவில் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எலும்பு சரியாகத்தான் பேசியிருக்கிறது, பதில் சொல்ல வேண்டியவனுக்கு இன்னும் வேளை வரவில்லை.

தேதியைத் தள்ளிவைக்கக்கூடாதா என்றால், அங்கேயும் அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதிலொரு சிக்கல், அதுவும் சமையலறைச் சிக்கல். துணைதேடும் நாட்களில் ஆண் மூஸ் தீனியைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். கொழுப்பு கரைந்துபோகும், கறியில் வாய்க்குள் வைக்க முடியாத வீச்சம் ஏறும். கிராமத்துக்காரருக்கு வேண்டியது கொழுத்த மூஸ், அதாவது காதல் தலைக்கேறாத மூஸ். சீக்கிரம் போனால் வெயில், ஈ, இலை மறைவு. சுட்ட கறியும் கெட்டுப்போகும் அபாயம். தாமதித்துப் போனால் தானே வந்து நிற்கும், ஆனால் நாறும். இந்த இரண்டுக்கும் நடுவே முன்பு ஏறக்குறைய இரண்டு வார இடைவெளி இருந்தது. செப்டம்பர் சூடாக இருக்கும் ஆண்டுகளில் அந்த இடைவெளி சில நாட்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்தச் சில நாட்களில் படகுக்காரர் ஆற்றின் எந்தத் திருப்பத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்ததுதான் மிச்சம்.

கேள்வி: ஆற்றை நீந்திக் கடந்துகொண்டிருந்த ஆண் மூஸ் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் கண்டும் சுடாமல் விட்டார்களாம். இதை என்னால் நம்பவே முடியவில்லை.

பதில்: நம்பலாம், சுட்டிருந்தால்தான் வழக்கு வந்திருக்கும். அலாஸ்கா மாநில விதிப்படி நீந்திக்கொண்டிருக்கும் மூஸைக் கொல்லக்கூடாது. இயந்திரப் படகிலிருந்து சுடுவதென்றாலும் இயந்திரத்தை முழுவதும் நிறுத்தி, அது தந்த ஓட்டமும் அடங்கி, படகு வெறுமனே மிதக்கும் நிலைக்கு வந்த பிறகே சுடலாம். மகன் எழுதியிருப்பதைப் பார்த்தால் சம்பந்தி இயந்திரத்தை அணைத்துவிட்டுப் படகை மிதக்கவிட்டிருக்கிறார். மூஸ் எதிர்க்கரை ஏறி, தண்ணீரை உதறி, ஒரு கணம் திரும்பிப் பார்த்திருக்கிறது. மச்சினர் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துவதற்குள் வில்லோ மூடிக்கொண்டது. ஒன்பது நாளில் கண்ட ஒரே ஆண் அது. மற்ற நாட்களில் கண்ணில் பட்டவை கன்றோடு நின்ற பெட்டைகள். அவற்றைச் சுட அனுமதி இல்லை.

விதியை விடுங்கள், தண்ணீரில் சுடுவது அனுபவசாலிகளுக்கே பிடிக்காத காரியம். அரை டன் எடையை ஆழத்தில் சாய்த்துவிட்டு அதை எப்படிக் கரையேற்றுவது? இதே கணக்குதான் கரையிலும். நல்ல ஆண் மூஸிலிருந்து 225 கிலோ அளவுக்குக் கறி கிடைக்கும். அதில் உண்ணத்தக்க எதையும் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். கழுத்து, விலா, முதுகெலும்பை ஒட்டிய சதை, முன்னங்கால் முட்டி வரை, பின்னங்கால் கணுமுட்டி வரை அனைத்தும் படகுக்கு வந்தாக வேண்டும். பின்தொடை ஒன்றே ஓர் ஆள் சுமக்கத் திணறும் பாரம், வழியோ கால் புதையும் சதுப்பு. அதனால் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நிற்கும் மூஸைப் பார்த்தாலும் விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. வெறும் படகோடு திரும்பியவர்களில் எத்தனை பேர் இப்படிப் புத்தியோடு விட்டுவிட்டு வந்தவர்கள் என்பது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கேள்வி: நம் நாட்டில் மானைத் தொட்டால் சிறை. அங்கே அரசாங்கமே அனுமதிக்கிறதே?

பதில்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏறக்குறைய முற்றாக நின்றது. அலாஸ்காவில் சுமார் 1,75,000 முதல் 2,00,000 மூஸ் இருக்கின்றன. அவற்றில் எத்தனையை எடுக்கலாம், எங்கே, எப்போது என்று பகுதிவாரியாக வகுக்கிறார்கள். தேவைப்பட்டால் நிறுத்தவும் செய்வார்கள்: கீழ் குஸ்கோக்விம் ஆற்றுப் பகுதியில் 2004 முதல் 2009 வரை ஐந்தாண்டு வேட்டையை நிறுத்திவைத்ததில் அங்கே மூஸ் பெருகியது. கோயுகுக் பகுதியில் உணவுக்கான அனுமதிச் சீட்டு பெறுகிறவர், சுட்ட மூஸின் கொம்பை அலங்காரத்துக்கு உதவாதபடி அறுத்துவிட வேண்டும். சுவரில் மாட்டுவதற்காகச் சுடுகிறவரையும் சட்டியில் போடுவதற்காகச் சுடுகிறவரையும் ஒரு ரம்பத்தால் பிரித்துவிட்டார்கள். இதை வகுத்தவரை நான் மெச்சுகிறேன்.

கேள்வி: அவர்கள் இந்தக் குளிர்காலத்தை எப்படித் தள்ளுவார்கள்? கடையில் கறி வாங்க மாட்டார்களா?

பதில்: வாங்குவார்கள், ஆனால் விமானத்தில் வந்திறங்கும் கறி, அதன் விலையும் அதற்கேற்றபடி. ஒன்பது நாள் அலைச்சலுக்குச் செலவான பெட்ரோல் காசும் திரும்பப் போவதில்லை. உண்மையான கவலை வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. யூகான் ஆற்றுக் கிராமங்களுக்குப் பெரிய ஆதாரம் சால்மன் மீன். அது வெகுவாக வீழ்ந்துபோனதால், 2024 ஏப்ரலில் அலாஸ்காவும் கனடாவும் யூகான் ஆற்றில் சினூக் என்ற வகைச் சால்மன் பிடிப்பதை ஏழாண்டுக்கு நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. முன்பெல்லாம் மூஸ் பொய்த்த ஆண்டில் பரணில் உலர்ந்த மீன் இருக்கும். இப்போது மீன் காயப்போடும் கொட்டகைகள் காலியாக நிற்பதால், ஒரு மூஸ் தவறிப்போவதன் கனம் கூடிவிட்டது.

ஆனாலும் சம்பந்தி வீட்டு அடுப்பில் மூஸ் வேகாது என்று எண்ண வேண்டாம். அங்கே ஒருவர் சுட்டால் அந்தக் கறி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. விதவைக்கு, முதியவருக்கு, படகில்லாதவருக்கு, உறவுக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். 65 வயதைக் கடந்தவருக்காக வேறொருவர் அவருடைய பங்கைச் சுட்டுத் தரலாம் என்று மாநில விதியே இடம் கொடுக்கிறது. ஈமச் சடங்கின் விருந்துக்கு மூஸ் கறி இல்லாமல் முடியாது என்பது அதபாஸ்கன் வழக்கம். மின்ட்டோ கிராமத்தில் 1975-இல் அப்படியொரு விருந்துக்காகப் பருவம் தவறிச் சுடப்பட்ட மூஸ் தொடர்பாகக் கார்லோஸ் ஃபிராங்க் என்பவர்மீது வழக்குத் தொடரப்பட்டது; 1979-இல் மாநில உச்ச நீதிமன்றம், அது சமய உரிமை என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சில பகுதிகளில் குளிர்காலத்திலும் சில நாட்கள் வேட்டைக்குத் திறந்துவிடுவது உண்டு. அப்போது ஆறு உறைந்திருக்கும், படகுக்குப் பதில் பனிவண்டி போகும். அதற்கும் முன்பே சம்பந்தி யாருக்கோ முந்திய ஆண்டுகளில் கொடுத்த தொடை, வேறு யார் கையாலோ அவர் வீட்டு உறைபெட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: தொலைபேசியில் பேசும்போது சம்பந்தியம்மாவிடம் இதைப் பற்றி ஆறுதலாக நாலு வார்த்தை கேட்கலாமா, கூடாதா?

பதில்: வேட்டையைப் பற்றித் துருவிக் கேட்காதிருப்பது நல்லது. கோயுகான் மரபில் விலங்கைப் பற்றிப் பெருமையடிப்பதும், போகும் முன்பே ‘மூஸ் சுடப் போகிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்வதும் தவறு. கிடைப்பதும் கிடைக்காததும் மூஸின் விருப்பம், அதற்குக் காது உண்டு என்பது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. ‘அடுத்த வருடம் நிச்சயம் கிடைக்கும்’ என்று தாங்கள் அன்போடு சொன்னாலும் அங்கே அது சற்று உறுத்தலாம். கடிதத்தின் கடைசி வரியில், ஆண்கள் மணல்திட்டில் காத்திருந்த மாலைகளில் சம்பந்தியம்மாவும் மருமகளும் கரைமேட்டுப் பாசியில் குனிந்து குனிந்து இரண்டு வாளி காட்டுக் கிரான்பெர்ரி பறித்தார்கள் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேளுங்கள். எலுமிச்சை ஊறுகாய் போடுகிற கைக்கு அந்தப் புளிப்புப் பழத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால், பேச்சு ஒருமணி நேரம் ஓடும்.