மண் வீட்டில் எலி: எங்கே அடைப்பது, எதால் அடைப்பது?

கேள்வி: திருவண்ணாமலை பக்கம் இரண்டு வருடத்துக்கு முன் செம்மண்ணும் வைக்கோலும் மிதித்துச் சுவர் வைத்து, மூங்கில் போட்டு, மங்களூர் ஓடு வேய்ந்து வீடு கட்டினோம். பேஸ்மட்டம் ஒன்றரை அடி கருங்கல். போன மழைக்காலத்திலிருந்து எலித் தொல்லை. சமையலறைச் சுவரின் அடியில், பாத்திரம் கழுவும் தண்ணீர் வெளியே போகும் குழாய்ப் பக்கம், இரண்டு பெரிய பொந்துகள். வெளியே மண் குவிந்து கிடக்கிறது. ராத்திரியில் ஓட்டுக்கடியில் ஓடும் சத்தமும் கேட்கிறது. மூன்றடி உயரத்துக்குச் சுற்றிலும் சிமெண்ட் பூசச் சொல்கிறார் கொத்தனார். வீட்டுக்காரர் எலி மருந்து கேக் வாங்கி வந்துவிட்டார். விஷம் வைக்காமல் வழி உண்டா? பூனை வளர்த்தால் போதுமா? நிலைக்கதவில் கரையானும் ஏறுகிறது.

பதில்: முதலில் அந்தச் சிமெண்ட் பூச்சை நிறுத்துங்கள். மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு உப்பிக்கொண்டு சுவரை விட்டுப் பிரியும். பிரிந்த இடைவெளியும் அதன் பின்னால் நெகிழ்ந்த மண்ணும் எலிக்கு நல்ல வசதி. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது என்பது இன்னும் மோசம்.

காய்ந்து இறுகிய கனமான மண் சுவரை நட்டநடுவில் குடைய எலி அதிகம் மெனக்கெடாது. சுவர் நனையும் இடத்திலும், வேறொரு பொருளோடு சேரும் இடத்திலும்தான் அது வேலையைக் காட்டும். கல்லும் மண்ணும் சேரும் வரி, குழாய் நுழையும் ஓட்டை, சுவர்த்தலையும் கைமரமும் (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) சேரும் இடம் ஆகியவை அப்படிப்பட்டவை. உங்கள் சமையலறை மூலையில் ஈரமும் குழாய் ஓட்டையும் ஒன்றாக இருக்கின்றன. கழுவிய தண்ணீரோடு சோற்றுப் பருக்கையும் வெளியே போகிறது. எலிக்கு வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக இரண்டு வகை எலி. வெளியே மண்ணைக் குவித்துக் கீழே தோண்டுவது பெருச்சாளி வகை. ஓட்டுக்கடியில் ஓடுவது நன்றாக ஏறக்கூடிய கூரை எலி. ஒன்றுக்குச் செய்யும் வேலை மற்றதைத் தடுக்காது.

கீழே இருந்து தொடங்குவோம். கழுவும் தண்ணீரைச் சுவரை விட்டு நாலைந்து அடி தள்ளி, வாழை மரத்துக்கோ வேறெங்கோ போகும்படி குழாயை நீட்டுங்கள். அந்த மூலை காய்வதற்கு முன் வேறு எந்த வேலையும் நிற்காது. அப்புறம் பேஸ்மட்டக் கல்லைக் கவனியுங்கள். கருங்கல்லை மண் சாந்து வைத்துக் கட்டியிருந்தால், இடுக்குகளில் உள்ள மண்ணை எலி இழுத்துப் போட்டுவிட்டு நேராகத் தரையின் அடி நிரப்பு மண்ணுக்குள் போய்விடும். இடுக்குகளை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்து, கல் சில்லுகளை அடித்து இறுக்கி, சுண்ணாம்போடு மணலும் செங்கல் தூளும் சேர்த்த சாந்தால் அடைக்க வேண்டும். வெறும் சுண்ணாம்பு இறுக வாரக்கணக்கில் ஆகும். செங்கல் தூள் சேர்ந்தால் சீக்கிரம் பிடிக்கும்.

இனி கம்பி வலை. கடையில் கால் அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்ட் மெஷ் (துத்தநாகம் பூசிய, பற்றவைத்த கம்பி வலை) என்று கேளுங்கள். கோழிக்கூண்டு வலையைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். அரை அங்குல வழி கிடைத்தால் எலி நுழையும். சுண்டெலிக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். கோழிவலையின் மெல்லிய கம்பியை எலி கடித்தும் விடும். சுவரின் வெளிப்புறம் பள்ளம் தோண்டி, வலையைக் கல்லோடு ஒட்டி இரண்டடி கீழே இறக்கி, அடியில் ஒரு அடி வெளிப்பக்கமாக மடக்கிவிட்டு, சல்லி போட்டு மூடுங்கள். எலி எப்போதும் சுவரை ஒட்டியே தோண்டிப் பார்க்கும். மடங்கிய வலையில் முட்டியதும் ஒரு அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. ஒரு எச்சரிக்கை: அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. அஸ்திவாரமே இரண்டடி என்றால் ஒன்றரை அடியோடு நிறுத்திக்கொண்டு மடக்குங்கள். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறந்து போடாமல் ஐந்தைந்து அடியாகச் செய்வது நல்லது. ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மழையில் வளை நிரம்பும்போதும், அறுவடை முடிந்து வயல் காலியாகும்போதும்தான் எலிகள் வீடு தேடி வரும்.

பொந்தை மூடும் முன் உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எலி வளைக்கு ஒரு வாசல் மட்டும் இருக்காது. வயலில் எலி பிடிக்கும் இருளர்கள் முதலில் தேடுவதே, தளர்வான மண்ணால் மூடிவைத்திருக்கும் அவசர வழியைத்தான். எல்லா வாய்களிலும் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். மூன்று நான்கு ராத்திரி தாள் அசையாமல் இருந்தால் காலி என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பொந்தை அகலமாக வெட்டி, உதிரி மண்ணை எடுத்து, நனைத்து, வலைத் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்து, ஓட்டுச் சில்லும் கெட்டியாகக் குழைத்த அதே செம்மண்ணும் போட்டு இடித்து இறுக்குங்கள். ஒட்டுவேலைக்கு வைக்கோல் வேண்டாம். வைக்கோலில் தங்கிய நெல்மணிக்காகவே சுவரைக் குடையும் எலிகள் உண்டு. காய்ந்தபின் மேலே சுண்ணாம்புப் பூச்சு. இந்த வேலை முழுவதும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எலியின் சிறுநீர் பட்ட ஈரத்திலிருந்து எலிக்காய்ச்சல் வரும். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காமல், பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து ஊறவிட்டு அள்ளுங்கள்.

கூரைக்கு வருவோம். ஓட்டின் மேல் சாயும் முருங்கை, கொய்யாக் கிளைகளை ஐந்து ஆறு அடி தள்ளி வெட்டுங்கள். சொரசொரப்பான மண் சுவரில் கூரை எலி சர்வசாதாரணமாக ஏறும் என்பதால் கிளையை வெட்டினால் மட்டும் போதாது. ஒரு பகலில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உள்ளே நின்று மேலே பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் வழிதான். சுவர்த்தலையில் கைமரங்களுக்கு இடையே உள்ள சந்துகளை மண்ணும் ஓட்டுச் சில்லும் வைத்து அடையுங்கள். காற்று வேண்டிய இடத்தில் அதே கால் அங்குல வலை. மூங்கிலின் திறந்த முனைகளையும் மரக்கட்டையால் அடைத்துவிடுங்கள், உள்ளே சுண்டெலி குட்டி போடும்.

அடைக்கும் வேலை நடக்கும்போதே பொறியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மாட்டிக்கொண்டது வெளியே வரச் சுவரைக் குடையும். எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம். அதனால் நான்கைந்து நாள் பொறியைப் பூட்டாமல், கருவாடோ மசால் வடையோ தின்னப் பழக்கி, பிறகு பூட்டுங்கள். அறை நடுவில் வைக்காமல் சுவரோரமாக வையுங்கள். பசை அட்டை வேண்டாம். அது கொடுமை, ஓணானும் பல்லியும்தான் அதிகம் மாட்டும்.

அந்தக் கேக் விஷயம். இப்படி விற்கும் கேக்குகள் பெரும்பாலும் புரோமாடியோலோன். ரத்தம் உறையாமல் செய்யும். தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அது செத்துக் கிடப்பது உங்கள் ஓட்டுக்கடியிலோ சுவருக்குள்ளோ இருந்தால் நாற்றம் போகப் பல நாள் பிடிக்கும். தடுமாறும் அந்த எலியைத் தின்னும் நாயும் பூனையும் கூகையும் சேர்ந்து பாதிக்கப்படும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் வரக் கூடாது. மனித உடலுக்குள் போனால் கல்லீரலைக் கெடுக்கும், மாற்று மருந்தும் கிடையாது.

சாணம் மெழுகினால் எலி வராது, சாந்தில் கடுக்காய் சேர்த்தால் கிட்டே வராது என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டுமே தரைக்கும் பூச்சுக்கும் நல்லவை, எலி அவற்றைப் பொருட்படுத்தாது.

கரையான் மண் சுவரைத் தின்பதில்லை. சுவருக்குள் மறைந்து ஏறி மரத்தைத் தின்னும். மண் பூச்சின் மேல் அதன் மண் குழாய் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். கருங்கல்லின் மேல்வரியை ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக வைத்துக்கொண்டால் அதைத் தாண்டும் குழாய் உடனே தெரியும். மாதம் ஒருமுறை பார்த்துச் சுரண்டிவிடுங்கள். நிலையின் அரித்த பகுதியைச் செதுக்கிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த வெந்நீரை இரண்டு மூன்று முறை தடவலாம். நிலைக்கால் மண்ணில் ஊன்றியிருந்தால் தடவிப் பயனில்லை. அடியை வெட்டிக் கல்லின் மேல் நிறுத்தத்தான் வேண்டும். இனிமேல் கட்டப்போகிறவர்கள் பேஸ்மட்டத்தின் மேல் உலோகத் தகட்டை வெளியே நீட்டிக் கீழ்நோக்கி மடக்கிவிட்டுச் சுவர் எழுப்பலாம். இரசாயனம் இல்லாத இப்படிப்பட்ட கட்டுமானத் தடுப்புகளுக்கு கட்டடங்களில் கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 6313-இன் முதல் பாகத்தைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

பூனை வளர்க்கலாம். சுண்டெலியையும் எலிக் குட்டிகளையும் குறைக்கும். வளர்ந்த பெருச்சாளி எதிரே வந்தால் பல பூனைகள் ஒதுங்கித்தான் போகும்.