சிங்கப்பூரில் கான்ட்ராக்டரிடமிருந்து எனக்கு வர வேண்டியது 22,000 வெள்ளி. சிறு கோரிக்கை நடுவர் மன்ற வரம்பு 20,000தானாமே, என்ன செய்வது?

எனக்கும் இதே கணக்குதான் இடித்தது. சமையலறை அலமாரி செய்து ஆறே மாதத்தில் சிங்க்குக்கு அடியில் இருந்த பலகை ஊறி உப்பிவிட்டது. கதவை மூடினால் மூடாது. எல்லாவற்றையும் பெயர்த்துத் திரும்பச் செய்ய இன்னொருவர் சொன்ன விலை 22,600 வெள்ளி.

2019 நவம்பர் வரை வரம்பு 10,000தான். அதற்குப் பிறகு 20,000. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000 வரை விசாரிப்பார்கள். ஆனால் போனையே எடுக்காத ஆள் சம்மதக் கையெழுத்தா போடுவார்? நானும் கேட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், அவ்வளவுதான்.

‘இரண்டு வழக்காகப் பிரித்துப் போடு’ என்றார் நண்பர். அது செல்லாது. ஒரே கோரிக்கையை வரம்புக்குள் அடக்குவதற்காக உடைக்கக் கூடாது. வரம்புக்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் விட்டது விட்டதுதான்.

இல்லையென்றால் 60,000 வரை விசாரிக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே அவர் வக்கீல் வைத்தால் நாமும் வைக்க வேண்டிவரும். தோற்றால் அவர் செலவும் நம் தலையில் விழலாம். 2,600 வெள்ளிக்காக அதெல்லாம் கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டேன். நடுவர் மன்றத்தில் வக்கீலே கிடையாது. இணையத்தில் மனு போட்டேன். 10,000க்கு மேல் என்பதால் கட்டணம் ஒரு சதவீதம், 200 வெள்ளி.

முதலில் பதிவாளர் முன் பேச்சுவார்த்தை. அங்கே எனக்குக் கைகொடுத்தது கோபமில்லை, ஒப்பந்தத்தில் இருந்த ஒரே வரி: ‘ஈரம் தாங்கும் பலகை’. அதையும் உப்பிய பலகையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கான்ட்ராக்டர் தண்ணீர்க் குழாய் கசிந்ததாகச் சொல்லிப் பார்த்தார், பிறகு 15,000க்கு இறங்கினார், மூன்று தவணையில். சரி என்றேன். வாய்ப்பேச்சாக விடாமல் ஆணையாகப் பதிவு செய்துகொண்டேன். தவணை தவறினால் அதை வைத்து வசூல் நடவடிக்கைக்குப் போகலாமே.

உங்கள் கணக்கில் துண்டு விழுவது 2,000தான். நானாக இருந்தால் விட்டுவிடுவேன். அப்புறம், பிரச்சினை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும், தேதியை முதலில் பாருங்கள்.