ஆட்டு ஸ்டெம் செல்லில் சிடி73, சிடி105 வரவில்லை என்றால் செல் தவறா?

கேட்டிருப்பது இது: வெள்ளாட்டு எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்கள் பார்க்க மெசன்கைமல் ஸ்டெம் செல் (எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பாக மாறக்கூடிய செல்) மாதிரியே இருக்கின்றன, சிடி34-உம் சிடி45-உம் நெகட்டிவ் (சிடி எண்கள் செல்லின் மேற்பரப்புப் புரதங்களின் பெயர்கள்), ஆனால் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் ஆன்டிபாடி ஒட்டிய செல்களை லேசரில் எண்ணும் முறை) சிடி73, சிடி105 வரவே இல்லை.

முதலில் ஆன்டிபாடியை, அதாவது அந்தப் புரதத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறைச் சந்தேகப்படுங்கள். நாம் எல்லோரும் பின்பற்றுவது 2006-ல் சர்வதேச செல் சிகிச்சைச் சங்கம் வகுத்த அளவுகோல். செல் பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும்; சிடி73, சிடி90, சிடி105 குறைந்தது 95 சதவீத செல்களில் இருக்க வேண்டும்; சிடி34, சிடி45 போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பு மூன்றாகவும் மாற வேண்டும். இது மனித செல்லுக்காக எழுதியது. கிடைக்கிற ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவையும் மனிதப் புரதத்துக்கோ எலிப் புரதத்துக்கோ எதிராகச் செய்தவை. ஒட்டும் இடத்தில் ஓரிரு அமினோ அமிலம் மாறியிருந்தாலே ஆட்டுச் செல்லில் பிடிக்காமல் போகலாம். ட்ரிப்சினில் செல்லை நெடுநேரம் விட்டாலும் மேற்பரப்புப் புரதம் வெட்டுப்படும், அதையும் பாருங்கள்.

என் கவலை உங்கள் சிடி45 பற்றித்தான்; அது வெள்ளணுக்களின் மேல் இருக்கும் புரதம். நெகட்டிவ் வந்ததும் நிம்மதியாகிவிட்டீர்கள். ஆனால் அந்த ஆன்டிபாடிக்கு ஆட்டு சிடி45-ஐ அடையாளமே தெரியாது என்றால், ஃப்ளாஸ்க் நிறைய வெள்ளணுக்கள் இருந்தாலும் இதே நெகட்டிவ்தான் வரும். கால்நடை ஸ்டெம் செல் வேலையில் மிக ஆபத்தான இடம் இது, ஏனென்றால் தவறான முடிவு இங்கே சரியான முடிவு போலவே தெரியும்.

சோதிப்பது எளிது. ஆட்டிடமிருந்து ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுப்பது) குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுங்கள். அம்மோனியம் குளோரைடில் சிவப்பணுக்களை உடைத்துவிட்டு, மிஞ்சும் வெள்ளணுக்களில் அதே ஆன்டிபாடியை அதே அளவில் போடுங்கள். ஹிஸ்டோகிராம் (செல்களின் ஒளிர்வைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் தெளிவாக நகர்ந்தால் ஆன்டிபாடி வேலை செய்கிறது, உங்கள் நெகட்டிவை நம்பலாம். நகரவில்லை என்றால் அந்த முடிவை ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.

வராத மார்க்கர்களுக்கு (அடையாளப் புரதங்களுக்கு) ஆட்டு மரபணு வரிசையிலிருந்தே ப்ரைமர் (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து ஆர்டி-பிசிஆர், அதாவது ஆர்என்ஏ-வை டிஎன்ஏ ஆக்கிப் பெருக்கிப் பார்க்கும் சோதனை, செய்யலாம். ஆர்என்ஏ இருப்பதை மட்டும்தான் அது சொல்லும், புரதம் செல்லின் மேல் இருக்கிறதா என்று சொல்லாது. சிடி29, சிடி44 ஆன்டிபாடிகளில் கால்நடைச் செல்களிலும் பிடிக்கிற குளோன்கள் (ஒரே புரதத்துக்கான தனித்தனி ஆன்டிபாடி வகைகள்) உண்டு, அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மூன்று வகையாக மாறும் சோதனைக்கு அதிக நேரம் கொடுங்கள். சாயங்களுக்கு மனிதன், ஆடு என்ற பேதம் இல்லை. எலும்புக்கு அலிசரின் ரெட், கொழுப்புக்கு ஆயில் ரெட் ஓ, குருத்தெலும்புக்கு ஆல்சியன் ப்ளூ. அலிசரினில் மட்டும் கவனம் வேண்டும்: செல்கள் நெருங்கி வளர்ந்து, சுருண்டு, செத்துப்போன இடத்திலும் கால்சியம் படிந்து சிவப்பாகத் தெரியும். எலும்பாக மாறத் தூண்டாத செல்களையும் அதே நாள் வரை வளர்த்து, பக்கத்திலேயே சாயம் போட்டு ஒப்பிடுங்கள். எந்தக் குளோன் ஆட்டில் பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று ஆய்வேட்டில் பெயரோடு எழுதுங்கள். அடுத்து ஆட்டுச் செல்லில் வேலை செய்கிறவருக்கு ஆன்டிபாடி வாங்கும் செலவாவது மிச்சமாகும்.