கராஜ் வாசல்: நசுங்காத காருக்குள் நசுங்குவது யார்?

இலங்கையில் 2020 மார்ச்சில் மூடின வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாட்களுக்கும் திறந்ததிலிருந்து, மட்டக்களப்பு கல்லடியில் என் கராஜுக்குக் காரைத் திருத்த வருகிறவர்களை விட யோசனை கேட்க வருகிறவர்கள்தான் கூட. தேத்தண்ணிச் செலவு என்னுடையது. இம்முறை வந்த கடிதங்களிலும் அதே சங்கதிதான்: பழசா, புதுசா?

கேள்வி: அப்பாவிடம் 1964ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் இருக்கிறது. தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும். இப்போதைய கார்களை அவர் ‘பிஸ்கட் டின்’ என்கிறார். எனக்கு எட்டு மாதத்தில் ஒரு மகள். மடியில் வைத்துக்கொண்டு கல்முனைக்குப் போய்வர மைனர்தான் பாதுகாப்பு என்பது அப்பாவின் கட்சி. மனைவி ஏறவே மாட்டேன் என்கிறார். யார் சரி? (வாசகர், ஆரையம்பதி)

பதில்: உங்கட மனைவி. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது கராஜ் எங்கே இருக்கிறதென்று மட்டும் சொல்லிப்போடாதீர்கள். ஆரையம்பதி இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

மைனரைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது. நான் தொழில் படித்ததே அதில்தான். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார். உற்பத்திக்குப் போகிற கடைசி நேரத்தில் ‘ஒடுக்கமாக இருக்கு’ என்று அந்த மனுசனுக்குப் பட, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் அகலப்படுத்தினார். அப்பாவின் காரில் பொனட்டுக்கு நடுவே நீளத்துக்கு ஒரு பட்டி ஓடும், பாருங்கள். அந்த நாலு அங்குலத்தின் தடயம் அது. ரெக் அண்ட் பினியன் ஸ்டீரிங், முன்னுக்கு டோர்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்கிற இரும்புத் தண்டு. அந்தக் காலத்து மற்றக் கார்கள் வளைவில் தோணி மாதிரி ஆட, இது ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். பிரித்தானியக் கார்களில் முதன்முதலாகப் பத்து இலட்சத்தைத் தொட்டதும் இதுதான்.

அதன் முன் சில்லைத் தாங்குகிற இடத்தில், கீழே, புரி வெட்டின ஒரு துண்டு உண்டு. ட்ரனியன் என்போம். ஆயிரம் மைலுக்கு ஒருக்கா கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் சில்லு உள்ளுக்கு மடங்கிப் படுத்துவிடும். 1979இல் மாமாவின் கராஜில் நான் எடுபிடி. கிரீஸ் கன்னைப் பேருக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டு “வைச்சாச்சு மாமா” என்றேன். மறு கிழமை பழைய கல்லடிப் பாலத்தின் நடுவில் சில்லு படுத்தது. அந்தப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு பக்க வாகனம்தான் போகலாம் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். இரண்டு கரையிலும் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடிக்க, மாமா ஒரு சொல் பேசவில்லை. குனிந்து கிரீஸ் நிப்பிளை விரலால் துடைத்துக் காட்டினார். அதன் வாயில் பழைய புழுதி அப்படியே அடைத்துக் கிடந்தது.

மறுகா விசயத்துக்கு வருவோம். 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார் ஒரு சுவரில் மோதுவதும், 10 மீற்றர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுவதும் கணக்கில் ஒன்று. 64 கிலோமீற்றர் என்றால் 16 மீற்றர். நன்றாக வளர்ந்த தென்னையின் வட்டு. அங்கிருந்து விழுகிறவனுக்குக் கீழே சீமெந்துத் தரை வேண்டுமா, வைக்கோல் போர் வேண்டுமா? புதுக் காரின் முன்பக்கம்தான் அந்த வைக்கோல். அது நசுங்க நசுங்க, உள்ளே இருக்கிற ஆள் நிற்பதற்கு இன்னும் கொஞ்சத் தூரம் கிடைக்கிறது. இந்த யோசனைக்கு பெலா பாரென்யி என்ற பொறியியலாளர் 1951இல் காப்புரிமை கேட்டார். 1959இல் மெர்சிடிஸ் காரில் வந்தது. மைனரில் இது கிடையாது. தகரம் நசுங்காமல் நின்றால் இடி முழுக்க உள்ளே இருப்பவனுக்குத்தான் போகும். ஸ்டீரிங் தண்டும் மடங்காத இரும்பு, உங்கள் நெஞ்சுக்கு நேரே.

‘தடிப்பான தகரம் நசுங்காது’ என்பதும் முழு உண்மையில்லை. 2009இல் அமெரிக்காவில் வாகனக் காப்புறுதிக்காரர்களின் ஆய்வு நிறுவனம் ஒரு 1959 செவ்ரோலெட் பெல் எயாரையும் ஒரு 2009 செவ்ரோலெட் மலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் எயார் மைனரைத் தூக்கி டிக்கியில் வைக்கிற சைஸ். ஆனால் அதில் ஓட்டுநர் இருக்கிற இடமே இல்லாமல் போனது. ஸ்டீரிங், ஓட்டுநருக்குப் பதிலாக உட்கார வைத்த பொம்மையின் முகத்துக்கு வந்துவிட்டது. மலிபு ஓட்டுநருக்குக் காலில் ஒரு காயத்தோடு போயிருக்கும். எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் மோதினார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. எஞ்சின் உள்ளேதான் இருந்தது.

மடியில் மகள் என்பதை நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. எட்டுக் கிலோப் பிள்ளை 50இல் மோதுகிற அந்தக் கணத்தில் 200 கிலோவுக்கு மேல் இழுக்கும். மூன்று நெல் மூடையை உங்கள் கை பிடித்து நிறுத்துமா? குழந்தைச் சீட், பின்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி. அதை ஒழுங்காகப் பூட்ட பின்சீட்டில் மூன்று முனை பெல்ட் உள்ள கார் வேண்டும். அந்த பெல்ட் 1959இல் வொல்வோவில் வந்தது. செய்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறிகிற சீட் செய்தவர். வொல்வோ அந்தக் காப்புரிமையை எல்லாக் கம்பனிக்கும் திறந்துவிட்டது.

மைனரை விற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மாமாங்கம் வரை மெதுவாகப் போய் வாருங்கள். நாலு சில்லும் ட்ரம் பிறேக் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: வெகன் ஆர் வாங்க நினைத்தேன். மோதல் சோதனையில் அதற்கு ஐந்துக்கு ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார்தான் என்று ஒரு வீடியோவில் கண்ட வாப்பா வேண்டாம் என்கிறார். இங்கே ரோட்டில் ஓடுவது எல்லாம் வெகன் ஆர்தானே? (வாசகர், கல்முனை)

பதில்: பேர் ஒன்று, கார் வேறு, தம்பி. வாப்பா பார்த்தது இந்தியாவில் செய்கிற வெகன் ஆர். நீளம் 3.6 மீற்றரைத் தாண்டும். எஞ்சின் 1000 அல்லது 1200 சிசி. நம்ம ரோட்டில் நிறைந்து கிடப்பது ஜப்பானின் 660 சிசிக் கார். அங்கே அந்த இனத்துக்கு 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். இந்தியக் காரின் ஸ்டாரை ஜப்பான் காரின் தலையில் ஒட்டக்கூடாது.

ஸ்டாருக்கு வருஷமும் உண்டு. இந்திய வெகன் ஆருக்கே, கார்களை மோதவிட்டுச் சோதிக்கிற குளோபல் என்கெப் என்ற அமைப்பு 2019இல் இரண்டு ஸ்டார் கொடுத்தது, 2023இல் ஒன்று. அதற்கிடையில் பரீட்சைத் தாள் கடினமாகிவிட்டது. ஐரோப்பாவில் ஃபியட் புன்டோ 2005இல் ஐந்து ஸ்டார் வாங்கி, 2017இல் திரும்ப எழுதி முட்டை எடுத்தது. ஆகவே ‘எத்தனை ஸ்டார்’ என்று கேட்கிறவன் ‘எந்த வருஷத்து ஸ்டார்’ என்றும் கேட்க வேண்டும். 2014இல் முதன்முதல் இந்தியக் கார்களைச் சோதித்தபோது ஆல்டோ 800, டாட்டா நானோ உட்பட ஐந்துக்கும் பூச்சியம். எல்லாம் எயார்பாக் இல்லாத அடிப்படை மாதிரிகள். நாலு வருஷத்தில் அதே டாட்டாவின் நெக்ஸன் ஐந்து எடுத்தது. ‘இந்தியக் கார் என்றாலே தகரம்’ என்கிற பேச்சையும் அதோடு விட்டுவிடலாம்.

இன்னொன்று, முன்பக்க மோதலில் கிடைக்கிற ஸ்டார் ஏறக்குறைய அதே பாரமுள்ள காரோடு மோதுகிற கணக்கு. ஜப்பான் வெகன் ஆர் 800 கிலோவுக்குக் கிட்ட. எதிரே வருவது பஸ் என்றால் எந்த ஸ்டாரும் கைகொடுக்காது. அறுவடைக் காலத்தில் அம்பாறைப் பக்கம் பின் லைட் இல்லாமல் பெட்டியோடு போகிற உழவு மெஷினை நினைத்துக்கொண்டு, இரவில் 50க்குள் ஓட்டுங்கள். பட்டணத்துக்குள் ஓட, பிள்ளைகளைப் பள்ளிக்கு விட, நல்ல கார். கிழமைக்கு ஒருக்கா கொழும்பு என்றால் வாப்பா பக்கம் நிற்பேன்.

கேள்வி: பதினைந்து வருஷப் பழைய ஜப்பான் கார் வாங்கினேன். எயார்பாக்குக்கும் காலாவதி உண்டா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. காரோடு வந்த எயார்பாக் காருள்ளவரை கிடக்கும் என்று நானும் ஒரு காலம் நம்பினவன்தான். டகாடா என்ற ஜப்பான் கம்பனி செய்த எயார்பாக்குகளில் ஊதுகிற மருந்தாக அமோனியம் நைத்திரேட் போட்டிருந்தார்கள். வருஷக்கணக்கான வெக்கையும் ஈரப்பதனும் அந்த மருந்தைக் கெடுக்கும். மறுகா விபத்தில் அது அளவுக்கு மீறி வெடித்து, சுற்றியிருக்கிற உலோகக் கூடு துண்டு துண்டாக ஆள் மேல் பாயும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் திரும்ப அழைத்தார்கள். 2017இல் அந்தக் கம்பனி முறிந்தது. வெக்கையும் ஈரமும் என்றால் அது எங்கட ஊரின் முகவரி. ஜப்பானில் பிழைத்த மருந்து இங்கே கெடலாம். காரின் சேசிஸ் இலக்கத்தை அந்தத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் போட்டால் மாற்ற வேண்டியதா, மாற்றியதா என்று வரும். இல்லாவிட்டால் இங்குள்ள முகவரிடம் கேளுங்கள்.

அதற்கும் முன், எயார்பாக் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். ஒருமுறை ஒரு காரின் ஸ்டீரிங் மூடி ஒரு பக்கம் நூலளவு தூக்கலாக நின்றது. கழற்றினேன். உள்ளே ஒரு பழைய சேட்டுத் துணி, அதற்கு மேல் மடித்த ஸ்பொஞ்சு. விபத்தில் வெடித்த எயார்பாக்கை எடுத்துவிட்டு, எச்சரிக்கை லைட் எரிந்துகொண்டே இருக்காமல் ஏமாற்ற வயரில் அரிசிமணி போல ஒரு ரெசிஸ்டரை ஈயத்தால் ஒட்டியிருந்தார்கள். விற்ற இடத்தின் பெயர் வேண்டாம். வாங்கின மனுசன் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சாவியைத் திருப்பினதும் டாஷ்போர்டில் எஸ்.ஆர்.எஸ். என்கிற எயார்பாக் லைட் எரிந்து, சில செக்கனில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும்.

கேள்வி: என் கே.ஈ. 70 கொரோலாவா, தம்பியின் அக்வாவா வேகம்? பந்தயம் கட்டியிருக்கிறோம். (வாசகர், ஏறாவூர்)

பதில்: அக்வா. அது ஹைபிரிட், பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்தால் 100 குதிரைவலு. மோட்டர் நின்ற இடத்திலிருந்தே முழுப் பலத்தோடு இழுக்கும். பின் சில்லில் ஓடுகிற கே.ஈ. 70இன் சுகம் தனி, அதை மறுக்கமாட்டேன். பந்தயக் காசில் இரண்டு பேரும் டயர் மாற்றுங்கள். நாலு வருஷ மொட்டை டயரில் மழைக்குள் இரண்டு காரும் ஒரே வேகத்தில் மதகுக்குள் இறங்கும்.

கேள்வி: வீடு கடற்கரைக்குப் பக்கம். பழைய கார் துருப்பிடித்தாலும் ஓடியது. புதுக் காருக்குத் துருவால் ஆபத்தா? (வாசகர், திருக்கோவில்)

பதில்: கூடுதல் ஆபத்து. இப்போதைய காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, உடம்புதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடுகிற பெட்டி, தரைத்தகடு, முன்னுக்கு எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் போகிற தண்டு, எல்லாம் மோதலில் வேலை செய்கிற உறுப்புகள். அது உக்கினால் எப்போது நசுங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு முழுக்கப் பிழைக்கும். கடற்கரை வீட்டுக் கார் என்றால் பொடி வோஷ் மட்டும் போதாது. அடிப்பக்கம் நல்ல தண்ணியால் கழுவ வேண்டும், கார்ப்பெட்டுக்குக் கீழே மணலையும் தட்ட வேண்டும். டிங்கரிங் செய்கிறவரிடம் ஓட்டைக்கு கட்டலொய், அதாவது ஓட்டை அடைக்கிற பசை, அப்ப வேண்டாம், வெட்டித் தகரம் ஒட்டச் சொல்லுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் கீழ்விளிம்பு நெடுக இழுத்துக்கொண்டு போங்கள். வழுக்கி விழுகிற இடம் கட்டலொய்.

கேள்வி: சீட்டுக்குத் தடித்த லெதர் கவர் போடலாமா? (வாசகி, வாழைச்சேனை)

பதில்: சீட்டின் தோள் பக்கம் ‘எயார்பாக்’ என்று சின்னத் துண்டு தைத்திருந்தால் வேண்டாம். அங்கிருந்துதான் பக்க எயார்பாக் கிழித்துக்கொண்டு வரும். கவர் அதை அமத்திப் பிடிக்கும்.

கேள்வி: இத்தனை சொல்கிறீர்களே, உங்கள் கார் எது? (வாசகர், செங்கலடி)

பதில்: வீட்டுக்காரி ஓட்டுவது இரண்டு எயார்பாக் உள்ள சின்ன ஜப்பான் கார், எனக்கும் அதில்தான் இடம், இடப்பக்கச் சீட். மாமாவின் மைனர் கராஜுக்குப் பின்னால் கொட்டிலுக்குள் நிற்கிறது. எஞ்சினைக் கழற்றி வருஷக்கணக்காயிற்று. ட்ரனியனுக்கு மட்டும் மாதம் ஒருக்கா கிரீஸ் அடிக்கிறேன், நிப்பிளை முதலில் துடைத்துவிட்டு.